கேள்வி – பதில்: முதல் படம் வைத்த பாக்கி

சென்ற இதழில் ஒரு வாசகர், இக்காலத்தில் வரும் இரண்டாம் பாகப் படங்கள் முதல் படத்துக்கு ஈடாகின்றனவா என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். நானும் ‘பெரும்பாலும் இல்லை’ என்று இரண்டே சொற்களில் பதில் எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு சொற்களுக்காகக் கொடைக்கானலின் மேல்மலையிலிருந்தும் கீழ்மலையிலிருந்தும் வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், அவ்வளவு சுருக்கமாக எழுதியது பிழை என்று தெரிகிறது. இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பி விவசாயி ஒருவர், பண்ணைக்காடு

*1996-இல் ‘இந்தியன்’ பார்க்க நண்பர்களோடு வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போனோம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, விடியும்வரை பேருந்து நிலையத்தில் அமர்ந்து அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். 2024-இல் ‘இந்தியன் 2’ வந்தபோது என் மகனை அழைத்துப் போனேன். இடைவேளையிலேயே ‘போகலாமாப்பா?’ என்றான். குறை படத்திலா, என் வயதிலா?*

வயதுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உங்கள் நினைவில் இருக்கும் ‘இந்தியன்’ திரையில் ஓடிய மூன்று மணி நேரம் மட்டுமல்ல. பேருந்து நிலையத்துக் குளிரும், நண்பர்களின் பேச்சும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை எந்த இயக்குநராலும் மறுபடி எடுத்துத் தர முடியாது. ஆனால் அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டு படங்களுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்கிறது.

முதல் படத்தின் கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். லஞ்சம் கொடுக்க மறுத்ததால் சேனாபதி தன் மகளுக்குச் சிகிச்சை கிடைக்காமல் அவளை இழக்கிறார். அவருடைய மகனோ லஞ்சம் வாங்கிக்கொண்டு, ஓட்டத் தகுதியில்லாத பேருந்துக்குச் சான்றிதழ் கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமாகிறான். ஊரார் வீட்டு ஊழலைத் தண்டித்த கை, தன் வீட்டு ஊழலைத் தண்டிக்குமா என்பதே படம் கேட்கும் கேள்வி. தண்டிக்கும் என்று அவர் மகனைக் கொன்று பதில் சொன்ன கணத்தில் கதைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து அவர் பேசும் தொலைபேசி அழைப்பு, எழுந்து போகும் கூட்டம் விசிலடிப்பதற்காக வைத்த ஓர் அலங்காரம். அதைக் கதை வைத்த பாக்கி என்று எண்ணி, 28 ஆண்டுகள் கழித்து வசூலிக்கப் புறப்பட்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

இரண்டாம் பாகத்தில் விதையே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரியவரின் பேச்சைக் கேட்டு இளைஞர்கள் தங்கள் சொந்த வீட்டாரின் லஞ்சத்தைக் காட்டிக் கொடுக்கிறார்கள். அதனால் ஒரு குடும்பமே சிதைந்து, தாயின் உயிரும் போகிறது. தகப்பன் மகனைத் தண்டித்த கதை, மகன் தகப்பனைத் தண்டிக்கும் கதையாகத் திரும்பி நிற்கிறது. அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே படம் உட்கார்ந்திருந்தால், முதல் படத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கும் துணிவுள்ள இரண்டாம் பாகம் நமக்குக் கிடைத்திருக்கும். ஆனால் படமோ சேனாபதியின் வேடங்களையும் வர்மக் கலையையும் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியான சில நாட்களிலேயே நீளத்தைக் குறைத்தார்கள். இருக்க வேண்டியது இல்லாத இடத்தில் இருப்பதை வெட்டி என்ன பயன்? (2021-இல் மறைந்த விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் அந்தப் படத்தில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட கலக்கத்துக்கும் கதைக்கும் தொடர்பில்லை என்றாலும், படத்தில் எனக்கு ஏற்பட்ட ஒரே கலக்கம் அதுதான்.)

நீண்ட இடைவெளிதான் காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 1986-இல் வந்த ‘டாப் கன்’ படத்துக்கு 36 ஆண்டுகள் கழித்து, 2022-இல் இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தில் கதாநாயகனோடு விமானத்தில் பறந்து இறந்துபோன நண்பனின் மகன், வளர்ந்த ஆளாக இரண்டாம் படத்தில் அவன் எதிரே வந்து நிற்கிறான். அந்த மரணம் பழைய படத்திலேயே தீராமல் கிடந்த பாக்கி. இடைவெளி நீள நீள அதற்கு வட்டியும் ஏறியிருந்தது. உங்கள் மகனை அந்தப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தால், முதல் பாகத்தைப் பார்க்காதவன் என்றாலும், இடைவேளையில் வீட்டுக்குப் போகக் கேட்டிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெருமாள்மலை

*பாக்கி உள்ள கதைக்குத்தான் இரண்டாம் பாகம் வேண்டும் என்று முன்பும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லுங்கள், ஐயா. குறை மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது.*

தப்பிக்கவில்லை, அம்மா. மலையாளத்தில் ஜீத்து ஜோசப் இயக்கிய ‘த்ரிஷ்யம்’ 2013-இல் வந்தது. தமிழில் அதையே 2015-இல் ‘பாபநாசம்’ என்று பார்த்தோம். முதல் படம் முடியும்போது, ஒரு குடும்பம் மறைத்துவைத்த, காவல்துறை தேடும் உடல் புதிதாகக் கட்டப்பட்ட காவல் நிலையத்தின் தரைக்கடியிலேயே இருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும். அங்கே வேலை செய்யும் காவலர்களுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய பாக்கியை ஒரு படம் வைத்துவிட்டுப் போக முடியுமா? நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர்களின் காலுக்குக் கீழேயே கதை புதைந்திருக்கிறது. ஆகவே 2021-இல் நேரடியாக இணையத்தில் வெளியான ‘த்ரிஷ்யம் 2’ புதிய வில்லனைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தரையைத் தோண்டினால் போதுமானதாக இருந்தது.

அந்தப் படத்தின் முதல் பாதி மிகவும் மெதுவாகப் போகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். எனக்கு அந்த மெதுவே பிடித்திருந்தது. இரவில் வாசலில் ஒரு வண்டி நின்றால் அந்த வீட்டில் எல்லோரும் எப்படித் திடுக்கிடுகிறார்கள், மூத்த மகளின் உடல்நிலையை அந்தப் பழைய இரவு எப்படி அரித்திருக்கிறது, அக்கம்பக்கத்தார் என்னென்ன பேசுகிறார்கள் என்பதையெல்லாம் அவசரமில்லாமல் காட்டுகிறது. முதல் படத்தில் நாம் கைதட்டி வரவேற்ற ஒரு தந்திரத்துக்கு அந்தக் குடும்பம் ஆறு ஆண்டுகளாகச் செலுத்திவரும் விலையை அது நம் முன் வைக்கிறது. தொலைக்காட்சிக் கேபிள் தொழில் செய்துவந்த குடும்பத் தலைவர் இப்போது ஒரு திரையரங்குக்கு உரிமையாளர். தானே ஒரு படம் எடுக்கப் போவதாகச் சொல்லி ஒரு கதாசிரியரோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறார். அதைச் சினிமா மோகம் என்று ஊராரோடு சேர்ந்து நாமும் எள்ளி நகைக்கிறோம். அந்தக் கதை எதற்கு என்று கடைசியில் தெரியும்போது, முதல் படத்தில் அவருடைய குணமாகச் சொல்லப்பட்டதே, அதாவது பார்த்த படங்களிலிருந்து வாழக் கற்றுக்கொண்டவர் என்பதே, இங்கே இன்னொரு படி ஏறியிருப்பது புரிகிறது. பாத்திரம் மாறவில்லை, வளர்ந்திருக்கிறது.

தமிழில் இதற்கு இரண்டாம் பாகம் வரவில்லை. ‘பாபநாசம்’ நாயகன் சுயம்புலிங்கத்தின் வீட்டில் அந்த ஆறு ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்று அறிந்துகொள்ள எனக்கு இன்றும் ஆசை உண்டு.

சுற்றுலா வாகன ஓட்டுநர், கொடைக்கானல்

*குணா குகைக்கு நான் அழைத்துச் செல்லும் பயணிகளில் பலர், ‘குணா’ படத்துக்கு ஏன் இரண்டாம் பாகம் எடுக்கவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?*

எடுத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி, மலையாளத்தில் வெளியாயிற்று என்றும் சொல்லுங்கள். உங்களைச் சற்று விசித்திரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

‘குணா’ 1991 தீபாவளிக்கு, ‘தளபதி’யோடு ஒரே நாளில் வெளிவந்தது. மனநிலை பிறழ்ந்த ஒருவன், தான் அபிராமி என்று நம்பும் பெண்ணைக் கடத்திக்கொண்டு வந்து உலகத்தின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள ஓர் இடம் தேடினான். படக்குழு தேடிக் கண்டுபிடித்த இடம், அதுவரை ‘டெவில்ஸ் கிச்சன்’ என்ற பெயரில் வழங்கிய நம் ஊர்க் குகை. படம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. ஊருக்குச் சினிமா பெயர் வைப்பது நம் நாட்டில் அபூர்வமில்லை என்றாலும், பழைய பெயரை முழுவதுமாக விழுங்கிவிட்ட இடம் இதுபோல் வேறு எது என்று எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

2006-இல் எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே ஆழமான குழிக்குள் விழுந்ததையும், இன்னொரு நண்பரே கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டதையும், அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அந்த நிகழ்ச்சியை வைத்து எடுத்த படம். சட்டப்படி அது எதற்கும் இரண்டாம் பாகம் அல்ல. எனினும் அந்த நண்பர்கள் கொடைக்கானலுக்கு வரும் வழியிலேயே ‘குணா’ அவர்களோடு வருகிறது. குழியிலிருந்து இருவரும் மேலே வரும் இடத்தில், இளையராஜா இசையில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அந்தக் கடிதப் பாடல் ஒலிக்கிறது. பழைய படத்தில் அது, தன் நேசம் சாதாரண மனிதர்களுக்குப் புரியாது என்று ஒரு பித்தன் தன் காதலிக்குச் சொன்னது. புதிய படத்தில் அதே வரிகள், சேறும் இரத்தமும் பூசிய இரண்டு நண்பர்களின் மேல் விழுகின்றன. திரையரங்கில் என் பக்கத்து இருக்கையில் இருந்த, ‘குணா’ வந்த ஆண்டில் பிறந்தே இருக்காத ஓர் இளைஞர் தேம்பி அழுததைப் பார்த்தேன்.

அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன் ஒரு படம், அந்தப் பித்துக்கு ஈடான அன்பு வெளியுலகில் உண்டா என்ற கேள்வியைக் குகைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. அதைக் கண்டெடுத்தவர்கள் அந்தப் படத்தின் தயாரிப்பாளரோ இயக்குநரோ கதாநாயகனோ அல்ல. வேறு மொழியில் வேறு கதை சொல்ல வந்தவர்கள். தலைப்பின் உரிமை தங்களிடம் இருக்கிறது என்பதாலேயே கதையும் தங்களிடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பயணிகளிடம் சொல்லிவிடுங்கள். திரையில் பார்த்த குகையின் உட்பகுதி பெரும்பாலும் கேரளத்தில் அமைத்த அரங்கம். இங்கே இருக்கும் கம்பி வேலி உண்மையானது. அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்து மூன்றாம் பாகத்துக்குக் கதை கொடுக்க வேண்டாம்.

கல்லூரி மாணவர், தாண்டிக்குடி

*‘பாகுபலி’, ‘கே.ஜி.எஃப்’, ‘பொன்னியின் செல்வன்’, ‘விடுதலை’ ஆகியவற்றின் இரண்டாம் பாகங்களை மறந்துவிட்டுப் பேசுகிறீர்களே?*

மறக்கவில்லை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று கருதுகிறேன். ஐந்து பாகமாகக் கல்கி எழுதிய நாவலை இரண்டு படமாகப் பிரித்தவர் இரண்டாவதற்குக் கதை தேடவில்லை, மீதியைச் சொன்னார். கட்டப்பா ஏன் குத்தினான் என்று 2015-இலிருந்து 2017 வரை நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது, பதில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்த கேள்வியை. இவை இடைவேளை மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்ட படங்கள். அவற்றின் இரண்டாம் பாதி முதல் பாதிக்கு ஈடா என்று வேண்டுமானால் கேட்கலாம். கேட்டால், ‘பாகுபலி’யில் தேவசேனாவும் அமரேந்திரனும் சந்திப்பதிலிருந்து அவன் அரண்மனையைவிட்டு வெளியேற்றப்படுவது வரை உள்ள பகுதி, இரண்டு படங்களிலும் சிறந்தது என்பேன், கட்டப்பாவின் வாள் இறங்கிய பிறகு எல்லோருக்கும் வீடு திரும்பும் அவசரம் வந்துவிடுகிறது. ‘பொன்னியின் செல்வ’னில், கடம்பூர் மாளிகையில் நந்தினியும் ஆதித்த கரிகாலனும் எதிரெதிரே நிற்கும் காட்சிக்காகவே முதல் பாகம் எடுக்கப்பட்டதோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

பூண்டு விவசாயி, மன்னவனூர்

*‘அரண்மனை’ நான்கு பாகம் வந்துவிட்டது. எனக்கு நான்கும் பிடித்திருக்கிறது. இது குற்றமா?*

இல்லவே இல்லை. ஆண்டுதோறும் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்கள். போன ஆண்டின் தொடர்ச்சி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. சுந்தர் சி. 2014-இலிருந்து போட்டுவரும் நாடகம் அது. முதல் நாடகம் பிடித்தவருக்கு நான்காவதும் பிடிக்கும்.

தனியார் நிறுவன ஊழியர், செண்பகனூர்

*எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பணத்துக்காக எடுக்கிறார்கள், அவ்வளவுதானே?*

முதல் பாகத்தையும் பணத்துக்காகத்தான் எடுத்தார்கள். வேறுபாடு எங்கே வருகிறது என்றால், முதல் படத்தில் கதையை நம்பி முதலீடு செய்தவர்கள் இரண்டாவதில் தலைப்பை நம்பி முதலீடு செய்கிறார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் என்றால் முதல் மூன்று நாள் கூட்டத்துக்கு விளம்பரமே வேண்டாம். 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யில் கங்காவின் நோய் தீர்ந்துவிட்டது, கதையும் தீர்ந்துவிட்டது. 2023-இல் இரண்டாம் பாகம் வந்தபோது கதாநாயகன் வேறு, சந்திரமுகி வேறு; பழைய மாளிகையும் வடிவேலுவும்தான் மிச்சம். ‘எந்திரன்’ கதை வேறு விதம். அருங்காட்சியகத்தில் தன்னைப் பிரித்துப் போட்டதற்குக் காரணம் கேட்கும் பள்ளிச் சிறுமியிடம், தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அந்த இயந்திரம் சொல்லும் இடத்தில் அருமையான பாக்கி ஒன்று இருந்தது. 2018-இல் வந்த ‘2.0’ அதைத் தொடவே இல்லை; கைப்பேசிகளையும் பறவைகளையும் பற்றிய வேறொரு கதைக்குச் சிட்டியை அழைத்துப் போயிற்று. முதல் படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதா 2008-லேயே மறைந்துவிட்டார். இருந்திருந்தால் அந்த ஒரு பதிலிலிருந்து எங்கே போயிருப்பார் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ் முதுகலை மாணவி, ஆயக்குடி

*இரண்டாம் பாகம் என்பதே சினிமா கொண்டுவந்த வழக்கமா? நம் இலக்கியத்தில் இல்லையா?*

நீங்கள் படிக்கும் பாடத்திலேயே இருக்கிறதே! சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் ஏன் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம்? மதுரை எரிந்து, கண்ணகி விண்ணேகி, சேரன் கல்லெடுத்துக் கோயிலும் கட்டியபின் கண்ணகியின் கதையில் ஒரு செப்புக் காசும் பாக்கியில்லை. இக்காலத் தயாரிப்பாளர் கையில் அது அகப்பட்டிருந்தால், இன்னொரு சிலம்பு, இன்னொரு பாண்டியன், இன்னும் பெரிய தீ என்று போயிருப்பார். சாத்தனார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தீராமல் கிடந்தது மாதவியின் துயரம் என்று கண்டு, அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டார். தலைவி வேறு, சமயம் வேறு, எரிக்கும் காப்பியத்துக்குப் பின் பசித்தவருக்குச் சோறிடும் காப்பியம். சிலம்பை அறிந்தவருக்குத்தான் மணிமேகலையின் துறவுக்கு முழுக் கனமும் தெரியும். அறியாதவருக்கும் அமுதசுரபி புரியும்.

முன்கதையைப் பின்னால் எழுதும் வழக்கத்துக்கும் நம்மிடம் சான்று உண்டு. கல்கி ‘பார்த்திபன் கனவை’ எழுதி முடித்த பிறகுதான் அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் ‘சிவகாமியின் சபத’த்தை எழுதினார், பின்னது முன்னதைவிடப் பெரியதாக எழுந்து நின்றது. கம்பரோ பட்டாபிஷேகத்தோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். உத்தர காண்டம் வேறொருவர் பாடியது, ஒட்டக்கூத்தர் என்பார்கள். எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்று உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.

பள்ளி மாணவி, பூம்பாறை

*அம்மாவோடு ‘மூன்றாம் பிறை’ பார்த்தேன். கடைசியில் மிகவும் அழுதேன். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அதில்தான் பெரிய பாக்கி இருக்கிறது. அதற்கு இரண்டாம் பாகம் வர வேண்டும் அல்லவா?*

இந்தக் கடிதக் கட்டில் என்னைத் தடுமாற வைத்தது உன் கேள்வி ஒன்றுதான், குழந்தாய். (இந்தப் பக்கத்தில் கமல்ஹாசனின் படங்களே திரும்பத் திரும்ப வருவதற்கு நான் பொறுப்பல்ல, கேட்டவர்கள்தான் பொறுப்பு.)

பாலு மகேந்திராவின் அந்தப் படம் வந்தது 1982-இல். நினைவு திரும்பிய பெண் ரயிலில் இருக்கிறாள். அவளைக் குழந்தைபோல் வைத்துப் பார்த்துக்கொண்டவன் நடைமேடையில், மழையில், குரங்குபோல் ஆடிக் காட்டி நினைவூட்டப் பார்க்கிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பிச்சைக்காரன். வண்டி போய்விடுகிறது. நீ சொல்வதுபோல் பாக்கி என்றால் இதுதான் பாக்கி. ஆனால் த்ரிஷ்யத்தில் புதைந்திருக்கும் உடலை யாராவது ஒருவர் என்றாவது தோண்டியே தீருவார். அந்தக் கதைக்குள் அதைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே கடன்பட்டவளுக்குத் தான் கடன்பட்டது தெரியாது. கொடுத்தவன் கேட்கும் நிலையில் இல்லை. கணக்குப் புத்தகம் இருப்பது அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து அழுத உன்னிடம் மட்டுமே. இரண்டாம் பாகம் எடுத்து அவளுக்கு எல்லாவற்றையும் நினைவுபடுத்திவிட்டால், உன் கையிலிருந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டதாகிவிடும்.

அந்தக் கடைசிக் காட்சியை நீலகிரியில், கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மலை ரயிலில் அந்த வழியாகப் போனேன். வண்டி நின்றதும் ஏறக்குறைய எல்லோரும் தேநீருக்காக இறங்கினார்கள். என் எதிரே இருந்த வயதான தம்பதியர் மட்டும் இறங்காமல் சன்னலோரம் நகர்ந்து, வண்டி புறப்படும்வரை அந்த நடைமேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.